ஆறாம் வகுப்பு 'பி' அமைதியான கதை

அமைதியான வகுப்பைப் பார்த்தால் எனக்கு ஆகாது. மற்ற ஆசிரியர்கள் சத்தத்துக்குப் பயப்படுவார்கள். நான் சத்தம் இல்லாததற்குப் பயப்படுகிறவள். (வீட்டிலும் அப்படித்தான். மகள் சத்தம் காட்டாமல் இருந்தால் உடனே போய் மாவு டப்பாவைப் பார்ப்பேன்.) இந்தப் பயம் என்னைப் பிடித்தது சங்கரன்கோவிலில், என் முதல் வேலையில்.

பி.எட். முடித்து வீட்டில் சும்மா இருந்தவளை ஒரு நடுநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக எடுத்தார்கள். திருவேங்கடத்திலிருந்து தினமும் டவுன் பஸ். எங்கள் அப்பா பஸ் வரை வந்து, "நம்ம டீச்சரம்மா வாராவ, எடம் குடுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லி என் மானத்தை வாங்குவார். ஆண்டு முடிவில் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அனுப்பிவிட்டால் அப்பா எப்படித் தாங்குவார், நான் எப்படி அந்தக் கண்டக்டர் முகத்தில் முழிப்பேன் என்பதுதான் என் கவலையெல்லாம்.

எனக்குக் கிடைத்தது ஆறாம் வகுப்பு 'பி'. பெரும்பாலும் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். தறி ஓடும் வீட்டில் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடவே கத்த வேண்டும். அதனால், "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று ஒருவன் அனுமதி கேட்டால் பஸ் ஸ்டாண்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தத் தறி விஷயமெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? என்மேல் மரியாதை இல்லை என்றே நினைத்தேன். நானும் பதிலுக்குக் கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் தலைமையாசிரியர் வகுப்பு வாசலுக்கு வந்தார். பிள்ளைகள் காதுபட ஆசிரியரைக் கண்டிக்கக் கூடாது என்ற கொள்கை உள்ளவர். அதனால் எனக்கே பாதிதான் கேட்கிற குரலில் சொன்னார்.

"டீச்சர், அடுத்த வாரம் ஆபீசரம்மா பார்வையிட வாராவ. வகுப்பு இப்படிச் சந்தக்கடையா கிடந்தா உங்கள அடுத்த வருஷம் வைக்க முடியாது. பாத்துக்கிடுங்க."

திரும்பிப் பார்த்தேன். வகுப்பு மொத்தமும் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை எனக்கு பி.எட். பாடம் முழுக்க ஞாபகத்துக்கு வந்தது. திட்டாதே, பாராட்டு. தண்டிக்காதே, ஊக்கப்படுத்து. பச்சைத் தாளில் நட்சத்திரங்கள் வெட்டினேன். அமைதியாக இருக்கும் பெஞ்சுக்கு ஒன்று. மறுநாள் காலை நான் அவற்றைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே வகுப்பு கப்சிப். (அந்த 'முன்பே' என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.)

ஒரு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. அனுபவம் மிகுந்த கணக்கு டீச்சருக்கே உபதேசம் செய்தேன்.

"பிள்ளைங்க மனசத் தொடணும் டீச்சர்."

"தொடு தாயி, நல்லாத் தொடு" என்று அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அதிகாரி வந்த அன்று பிள்ளைகள் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் என் கையால் வரைந்த கரப்பான்பூச்சி. அதிகாரி அம்மா முன்வரிசைப் பையனைக் கேட்டார்.

"கரப்பான்பூச்சிக்கு எத்தன காலு?"

அவன் எழுந்தான். மூன்றாவது பெஞ்சில் இருந்த முத்துமாரியை ஒரு பார்வை பார்த்தான். "எட்டு" என்றான்.

அடுத்தவள், எட்டு. அதற்கடுத்தவன், எட்டு. கேட்ட பிள்ளையெல்லாம் எட்டு. இப்படி ஒரே மாதிரி தப்பாகச் சொல்ல ஒரு வகுப்புக்கு எவ்வளவு ஒற்றுமை வேண்டும்!

"நீங்க எத்தனன்னு நடத்துனீங்க?" என்று அதிகாரி என்னிடம் திரும்பினார்.

"எட்... ஆறு மேடம்." தலைமையாசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி பிள்ளைகளின் முகங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முத்துமாரியைப் பார்த்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். அந்தப் பிள்ளையின் கண் விரிந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின்பெஞ்சில் ஒருவன் எல்லாவற்றையும் மறந்து தறிக்குரலில் கத்தினான்: "ஏலே, ஆபீசரம்மாவும் தறி வீடுலே!" பக்கத்து வகுப்பு வாசலுக்கு ஓடி வந்தது.

அதிகாரி அம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"ஏம்மா, நா இந்த ஊருதான். எங்க வீட்டுலயும் தறி ஓடுச்சு. அந்தச் சத்தத்துல பேசுனா கேக்காதுல்லா? உதட்டப் பாத்தே பேசிக்கிடுவோம். உங்க பிள்ளைங்க சும்மாவே இருக்கல. நா வந்ததுலருந்து பேசிக்கிட்டுதான் இருக்காவ."

"என்னையப் பத்தியா மேடம்?"

"ஆமா. அந்த மூணாவது பெஞ்சுப் பிள்ள எல்லார்ட்டயும் ஒண்ணுதான் சொல்லுதா. 'சத்தம் போடாதிய, டீச்சருக்கு வேல போயிரும்'னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைமையாசிரியர் என் காதில் சொன்னதை வகுப்பு முழுவதும் கண்ணால் கேட்டிருக்கிறது. என் நட்சத்திரத்துக்கு அடங்கிய பிள்ளைகள் இல்லை அவர்கள். எனக்காகப் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"டீச்சர், கண்ணத் தொடைங்க, பாக்காவ" என்றார் தலைமையாசிரியர். இந்த முறை கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"வகுப்புல சத்தம் இருந்துட்டுப் போகட்டும் சார். இந்தப் பிள்ளைங்களுக்கு இவள விட்டா யாரு?" என்று அதிகாரி சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் என் வேலை தப்பியது.

உள்ளே போய் முத்துமாரியிடம் கேட்டேன்: "ஏட்டி, எட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்க வரஞ்சதுல எட்டுதான டீச்சர் இருக்கு!"

எண்ணிப் பார்த்தேன். மீசை இரண்டையும் கால் தடிமனுக்கு வரைந்து வைத்திருக்கிறேன்.

"அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா சத்தம் வருமே டீச்சர்" என்றாள்.

இப்போது என் வகுப்பின் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. கணக்கு டீச்சர் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் கோபத்தோடு வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தால், என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்து வாயில் விரலை வைப்பார். "சத்தம் போடாத, டீச்சருக்கு வேல போயிரும்." மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவேன்.