நைட் ஷிஃப்டில் கூவாத குருவி

மணி ஆறே கால். பூங்காவுக்குக் குருவி வரவில்லை.

"லேட்டு" என்று கிளமென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கடுகடுத்தார். பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற அவர் மனைவி ரோசம்மாள் வாயைத் திறக்கவில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கியதிலிருந்து மனுஷனுக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. விடிந்தால் பாத்ரூமில் புஸ்புஸ்ஸென்று காற்றுச் சத்தம் வேறு. குழாய்தான் என்று பிளம்பரைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தார். மகள் சுஜா, பேசாமல் பெங்களூருக்கே வந்துவிடுங்கள் என்று நச்சரித்தாள். ரோசம்மாளுக்கோ திருச்சியை விட்டுப் போக மனசே இல்லை.

கடைசியில் கிளமென்ட் ஒரு முடிவு சொன்னார். பனிக்காலமெல்லாம் பொன்மலையில் தன்னை எழுப்பிவிட்ட ஆறுமணிக் குருவி, இந்தப் பெரிய பூங்காவில் பொங்கலுக்குள் ஒரு தடவை கூவினால் இங்கேயே இருப்பது. இல்லாவிட்டால் மூட்டை கட்டுவது. பொங்கலோ நாளைக்கு.

அன்று பூங்காவுக்குப் பறவை பார்க்கும் குழுவைக் கூட்டி வந்திருந்த வாத்தியார் அனீஸ், எப்போதெல்லாம் கூவும் என்று விசாரித்தார்.

"டூட்டி நாள்ல கரெக்டா ஆறு மணிக்கு. ஞாயித்துக்கிழமை கூவாது. எனக்கு நைட் ஷிஃப்டுன்னா அந்த வாரமே சத்தம் இருக்காது."

"அப்படி ஒரு குருவி இருக்காதுங்களே சார்."

"பொன்மலைக் குருவிங்க அது" என்றார் கிளமென்ட், விட்டுக்கொடுக்காமல்.

பொறுமை போய், செல்போனில் பதிந்து வைத்திருந்த குருவிச் சத்தத்தைப் போட்டுவிட்டுப் போனைப் புதருக்குள் ஒளித்து வைத்தார். அதுவாவது நிஜக் குருவியைக் கூட்டிவரும் என்று கணக்கு. கூட்டி வந்தது அனீஸின் ஆட்களைத்தான். கேமராவும் கையுமாக அத்தனை பேரும் பனி ஈரத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து சுஜா போன் செய்ய, புதர் ரிங்டோன் பாடியது.

அனீஸ் முகம் சிவந்துவிட்டது. இனிமேல் இந்தப் பக்கம் எந்தக் குருவி வரும் என்று கேட்டார். கிளமென்ட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனை எடுக்கக் குனிந்தார். சருகுக்குள்ளிருந்து பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒன்று தத்தி வெளியே வந்தது. கழுத்தை நிமிர்த்தி இரண்டு முறை விசிலடித்தது. சாட்சாத் ஆறுமணிக் குருவி!

அனீஸுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. ரோசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிளமென்ட் மட்டும் தலையை ஆட்டினார். "இது இல்லைங்க."

"சார், இதுதான் சார் ஆறுமணிக் குருவி."

"நம்ம குருவி இன்னும் இழுத்துக் கூவுங்க. கடைசியில லேசா ஒரு சிரிப்பு இருக்கும். அது கூவினா கூடவே காபி வாசனை வரும்." புதரிலிருந்து போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அது அங்கேயே நின்னுடுச்சு போல. பெட்டியைக் கட்டு ரோசம்மா."

ரோசம்மாள் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

நடைப்பயிற்சிக்கு வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்த சின்னையா, பொன்மலையில் அவர்களுக்குச் சுவர் ஒட்டிய பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர், மெதுவாக அவளருகே வந்தார்.

"ஏன்க்கா, பல்செட் கட்டினதுலேர்ந்து அண்ணனை எழுப்புறதுக்கு விசில் வரமாட்டேங்குதா?"