பொட்டில் நோவுள்ளவர்கள்

டாக்டர் மயில்வாகனம் விரலை வைத்து அழுத்தியபோது அந்த அறையில் இருந்தவர்கள் நான்கே பேர். அழுத்தப்பட்டவர் கண்டி கொழும்பு வீதித் துணிக்கடை முதலாளி ஸெய்னுலாப்தீன். அவர் மனைவி சகீனா உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றார். சகீனாவின் தம்பி ஹபீல் கதவோரம் நின்றார். நான்காவது ஆள் டாக்டர். பிற்பாடு "என் கண்ணாலேயே கண்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்களில் ஒருவர்கூட அங்கே இருக்கவில்லை. இது முதலிலேயே தெளிவாக இருக்கட்டும்.

முப்பத்தாறாம் ஆண்டு அது. ஸெய்னுலாப்தீன் அறுபதைத் தாண்டியவர். சிவப்புத் துருக்கித் தொப்பி இல்லாமல் தெருவில் இறங்கியதே கிடையாது. அந்தத் தொப்பியின் விளிம்பு வலது பக்கம் பட்டாலே இப்போது நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது. இறைச்சியை நாலு தடவை மெல்வதற்குள் தாடை வலித்து ஓய்ந்துவிட்டது.

"பொட்டில நோகுதோ, முதலாளி?" என்று கேட்டார் டாக்டர்.

முதலாளி முகத்தைச் சுளித்தார். வலி பாதிக் காரணம், சொல் மீதிக் காரணம். காதுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள இடம் யாழ்ப்பாணத்து டாக்டருக்குப் பொட்டு. முதலாளி வீட்டில் அது கன்னப்பொறி. பொட்டு என்றால் கோவிலுக்குப் போகும் பெண்கள் நெற்றியில் இடுவது.

"கன்னப்பொறி" என்று திருத்தினார்.

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. கயிறுபோல் தடித்திருந்த நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே பேசினார். அமெரிக்காவில் நாலு வருடத்துக்கு முன்புதான் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. தலையில் சீப்புப் பட்டாலே நோகிறது. சிலருக்குக் கண் பார்வையும் போய்விடுகிறது. நரம்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் வலி குறைகிறதாம். ஆனால் இப்படி இன்னொருவரை நேரில் பார்த்து ஒப்பிடாமல் தாம் கத்தியைத் தொடுவதாக இல்லை. வேறு நோயாகவும் இருக்கலாம்.

"எங்கட பக்கத்தில எத்தினை பேருக்கு இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வீடு வீடாக் கேட்டுக்கொண்டு வாறன். உங்களையும் கணக்கில சேர்க்கட்டே?"

"வேணாம். எங்கட குடும்பத்துல தலை வருத்தம் கெடையாது" என்றார் ஸெய்னுலாப்தீன், தலையைப் பிடித்துக்கொண்டே.

அதற்குக் காரணம் இருந்தது. மகள் றமீஸாவை நாவலப்பிட்டி சாஹுல் ஹமீதின் மகன் லாபிருக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணின் வாப்பாவுக்குத் தலையில் நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், நாவலப்பிட்டிக்குப் போய்ச் சேரும்போது அது பைத்தியமாகியிருக்கும். றமீஸாவுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதலாளி இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை வலது கண்ணால் வாசித்துப் பார்ப்பார். எழுத்துத் தெரிந்தால் ஒரு பெருமூச்சு. நிக்காஹ் நாளில் மகளின் முகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அதை வீட்டாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தொப்பி போட முடியவில்லை. கைலேஞ்சி எனும் பெரிய வெள்ளைக் கைக்குட்டையைத் தலையில் தளரக் கட்டிக்கொண்டு போனார். பள்ளிவாசலில் நாலு பேர் தொப்பி எங்கே என்று விசாரித்தார்கள். முதலாளிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஹபீலுக்கு இருந்தது.

"மச்சான் ஒரு நேர்ச்சை வெச்சிருக்கார். மகள்ட கலியாணம் முடியும்வரைக்கும் தொப்பி போடமாட்டார்" என்றார் ஹபீல்.

அடுத்த வாரமே நாவலப்பிட்டியிலிருந்து கேள்வி வந்தது. நேர்ச்சை வைத்துத்தான் கரையேற்ற வேண்டும் என்றால் பெண்ணிடம் என்ன குறை?

இதைச் சரிசெய்ய ஒரு விருந்து போதும் என்றார் ஹபீல். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டால் மனத்தில் உள்ளது கழுவிப் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. சாஹுல் ஹமீது வந்தார். நெய்ச்சோற்றின்மேல் மாட்டிறைச்சி பொரித்துக் குவித்திருந்தது. முதலாளி ஒரு துண்டை வாயில் போட்டார். இரண்டாவது மெல்லலில் தாடை பூட்டிக்கொண்டது. துண்டை முழுசாக விழுங்கிவிட்டுக் கையை எடுத்தார். வீட்டுக்காரரே சஹனிலிருந்து முதலில் கையை எடுத்தால், வந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவது?

"மச்சானுக்குப் பல்லு வருத்தம்" என்றார் ஹபீல்.

"பல்லு வருத்தத்துக்கா தொப்பியக் கழட்டின?" என்று சாஹுல் ஹமீது கேட்டார். விருந்து அத்துடன் முடிந்தது.

இதற்கிடையில் டாக்டர் மயில்வாகனம் ஓய்ந்திருக்கவில்லை. கெலிஓயாவில் கேட்டார். புசல்லாவையில் பஸ்ஸை விட்டிறங்கிக் கேட்டார். ரயிலேறி நாவலப்பிட்டிக்கும் போனார். ஊருக்குப் பெரிய மனிதர் யார் என்று விசாரித்தபோது எல்லாரும் சாஹுல் ஹமீதின் கடையைக் காட்டினார்கள். ஐம்பது தாண்டியவர்களில் யாருக்கும் பொட்டுப் பிரச்சினை உண்டா என்று டாக்டர் கேட்டார்.

சாஹுல் ஹமீது கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கட ஆக்கள்ள ஒருத்தருக்கும் பொட்டு இல்ல. நீங்க கோயில் பக்கமாப் போய்க் கேளுங்க, டாக்டர்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. உங்கட ஆக்களிலயும் இருக்கு. கண்டியில பெரிய முதலாளி ஒருத்தர், பேர் சொல்லக்கூடாது. பொட்டாலதான் அவருக்குத் தொப்பி போடேலாமல் கிடக்கு."

டாக்டர் அந்த ஊருக்கு ஒருவரும் இல்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். சாஹுல் ஹமீதுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றியாயிற்று. நேர்த்திக்கடன் வைத்தாயிற்று. மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. கைலேஞ்சிக்கு அடியில் பொட்டு.

அந்தக் கதை மறுநாள் ரயிலிலேயே கண்டிக்கு வந்து இறங்கியது. கடைக்கு வந்தவர்கள் துணியைப் பார்க்காமல் முதலாளியின் நெற்றியைப் பார்த்தார்கள். தாம் கண்டதாகவே சிலர் சொன்னார்கள். ஒருவர் நிறத்தையும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாஹுல் ஹமீது மனைவியோடு வந்துவிட்டார். மனைவி சித்தி றலியா முக்காட்டோடு நேரே உள்ளே பெண்களிடம் போனார். சாஹுல் ஹமீது உட்காரவில்லை.

"நாநா, அந்தக் கைலேஞ்சியக் கொஞ்சம் அவுக்கோணும்."

ஸெய்னுலாப்தீனை அவர் வீட்டிலேயே அப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. ஹபீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையை உயர்த்தினார். ஹபீல் வாயை மூடிக்கொண்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினார். அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

முதலாளி கைலேஞ்சியை அவிழ்த்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. ஓரத்தில் நரம்பு மட்டும் புடைத்து நின்றது.

"பொட்டும் இல்ல, நேர்ச்சையும் இல்ல" என்றார். "எனக்கு வருத்தம். தொப்பி போட ஏலாது, மெல்ல ஏலாது. கண்ணும் போகலாம்ன்டு டாக்டர் செல்றார். மறைச்சது என்ட பிழை. மகள்ல ஒரு பிழையும் இல்ல."

டாக்டர் வந்து சேர்ந்து, பொட்டு எது, கன்னப்பொறி எது என்று சாஹுல் ஹமீதின் முகத்திலேயே தொட்டுக் காட்டினார். சாஹுல் ஹமீது கொஞ்சம் வெட்கப்பட்டார். ஆனால் கணக்குப் பார்க்காமல் ஒரு காரியமும் செய்கிற மனிதர் அல்ல அவர்.

"இந்த வருத்தம் இந்தப் பக்கத்துல எத்தின பேருக்கு ஈக்கி, டாக்டர்?"

"கண்டி, கெலிஓயா, புசல்லாவை, நாவலப்பிட்டி எல்லாம் திரிஞ்சன்" என்று டாக்டர் தயங்கினார். "ஒராள்."

அறையிலிருந்த எல்லாரும் அந்த ஒராளைப் பார்த்தார்கள்.

"பொட்டுக் கதை பொய். அத நான் ஒத்துக்கொள்றேன்" என்றார் சாஹுல் ஹமீது மெதுவாக. "ஆனா நாநா, ஊர்ல பத்துப் பேருக்கு ஈந்தா அது வருத்தம். ஒருத்தருக்கு மட்டும் ஈந்தா அது குடும்பம்."

முதலாளியும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதனால்தான் மறைத்தார். எண்ணிக்கையில் சேர மாட்டேன் என்று சொன்ன அதே வாய் இப்போது டாக்டரிடம் கெஞ்சியது.

"இன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்க, டாக்டர். எங்கயாவது ஒருத்தர் ஈப்பாங்க."

"எல்லா இடத்திலயும் இல்லையெண்டுதான் சொல்லினம், முதலாளி. நாவலப்பிட்டிக்கு இவரே பொறுப்பெடுத்துச் சொன்னவர்."

"சென்னதுதான். இப்பவும் செல்றேன்" என்று சாஹுல் ஹமீது தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் திரும்பினார். "எங்கட பக்கத்துல இந்த வருத்தம் ஒருத்தருக்கும் இல்ல. ஊரே செல்லுது."

உள்ளே பெண்களின் பேச்சு நின்றது. திரை கொஞ்சம் அசைந்தது. சித்தி றலியாவின் குரல் கணவரைத் தாண்டி டாக்டரிடம் போயிற்று.

"ஊர் செல்றது பொய், டாக்டர். நோம்பு மாசத்துல ஈந்து நான் தலையில சீப்பு வெக்கல்ல. ரெண்டுன்டு போட்டுக்கொள்ளுங்க."