துரையைக் கூட்டிக்கொண்டு போங்கள், மச்சான்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் தங்கள் மகளும் தங்கள் மரக்கடையும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன். இங்கே நானும் துரையும் இருக்கிறோம். அதற்கு மேல் எங்கள் நலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முக்கியமான விஷயத்தைப் போனில் பேசக் கூடாது, எழுத்தில்தான் தர வேண்டும் என்று தாங்கள் எப்போதும் சொல்வதால் கடிதமாக எழுதுகிறேன். போனில் ஆரம்பித்திருந்தாலும் முடித்திருக்க மாட்டேன். துரை விடாது.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கை போன பிறகு, தாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். "முடியலேன்னா சொல்லுங்க மாப்பிள்ளை. வேனைக் கொண்டாந்து நாயை ஏத்திட்டுப் போயிடறேன். மரக்கடையில காவலுக்குக் கெடக்கட்டும்." அப்போது நான் பெரிய வீறாப்பாக, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த வீறாப்பை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன். முடியவில்லை மச்சான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேனோடு வாருங்கள். ஆனால் அந்த நீலக் குடையை மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். உள்ளங்கை அளவுக் குட்டியாக, உடம்பெல்லாம் மரத்தூளோடு துரையைக் கொண்டுவந்து கொடுத்தவரே தாங்கள்தான். இருந்தும் உலகத்தில் அதற்கு ஆகாத மனிதர் என்று ஒருவர் இருந்தால் அது தாங்கள்தான். அதிலும் குடையோடு வந்துவிட்டால், தாங்கள் சாப்பிட்டு, கை கழுவி, விடைபெற்று, தெருமுனை திரும்புகிறவரை அதன் குரைப்பு ஓயாது. "நன்றி கெட்ட ஜென்மம்" என்று தாங்கள் கோபித்துக்கொள்வதும், "உன்னைப் பாத்து இல்லண்ணா, உன் குடையைப் பாத்துதான்" என்று அவள் சமாதானம் சொல்வதும் ஒவ்வொரு தடவையும் நடக்கும். குடைக்காக அல்ல என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் இருந்தவரை துரை குரைத்தது ஒரு பிரச்சினையே இல்லை. குரைக்கும், சமையலறை ஜன்னலில் இருந்து அவள் "போதும்!" என்று ஒரு குரல் கொடுப்பாள், தாங்கள் வருகிற நாளைத் தவிர எப்போதும் நிறுத்திவிடும். பாதிக் குரைப்பில் வாயை மூடிக்கொள்ளும். மீதிப் பாதியை என்ன செய்யும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவளுக்கு அதனிடம் இரண்டே சட்டம்தான். ஒன்று, போதும் என்றால் போதும். இரண்டு, வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. "படிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்" என்று குட்டியிலேயே சொல்லிவிட்டாள். மழையானாலும் இடியானாலும் அது படியைத் தாண்டியதில்லை. செருப்போடு உள்ளே வந்து திட்டு வாங்கியவன் நான் ஒருவன்தான்.

இப்போது அந்த ஜன்னலில் ஆள் இல்லை. அதனால் துரைக்கு முற்றுப்புள்ளி வைக்க யாரும் இல்லை. தபால்காரருக்குக் குரைக்கிறது, பால்காரருக்குக் குரைக்கிறது, மதிலில் வந்து உட்காரும் காக்கைக்குக் குரைக்கிறது, எதுவும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று குரைக்கிறது. இது ஆரம்பித்ததும் எதிர்வீட்டு நாய் பதில் சொல்லும், அதற்குத் தெருக்கோடி நாய் பதில் சொல்லும். பகல் பூராவும் பொதுக்கூட்டம்தான்.

இடது பக்கத்து வீட்டில் பல் டாக்டர் இருக்கிறார் அல்லவா, முன்னறையில்தான் அவர் கிளினிக். போன மாதம் ஒருவரை வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லி விரலை உள்ளே விட்ட சமயம், துரை மதிலோரம் போய் ஓங்கி ஒரு குரைப்புக் குரைத்திருக்கிறது. அந்த மனிதர் பயந்து வாயை மூடிவிட்டார். டாக்டர் கட்டுப் போட்ட விரலோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், இது உங்க நாயால ஆன கடி" என்றார். என் நாய் கடிக்கவில்லையே என்று நான் சொன்னது எனக்கே நியாயமாகப் படவில்லை. எதிர்வீட்டுக்காரர் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். "எங்க நாய் ரொம்ப சாது சார். உங்கது ஆரம்பிச்சு வைக்கறதாலதான் அது கெட்டுப்போகுது" என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம் மச்சான். பின்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, தூக்கமில்லாத கண்ணோடு மதிலுக்கு மேலாக என்னைப் பார்ப்பாள். எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். தெருவைப் பார்ப்பதால்தான் குரைக்கிறது, மறைத்துவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். கேட் முழுக்கத் தார்ப்பாய் கட்டினேன். அதுவரை வந்தவர்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்த நாய், அதன் பிறகு யார் வந்தார்களோ என்ற சந்தேகத்தில் எல்லாவற்றுக்கும் குரைத்தது. தார்ப்பாய் காற்றில் படபடத்ததற்குத் தனியாகக் குரைத்தது. அவிழ்த்துவிட்டேன்.

பிறகு என் தொழில் புத்தி வேலை செய்தது. காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். பொத்தானை அமுக்கினால் வர வேண்டும், கதவில் கை பட்டால் நிற்க வேண்டும், இதற்குப் பழகிய மனசு. பழைய மோட்டார் ஒன்று கிடந்தது. அதோடு சத்தத்தை உணர்கிற கருவி ஒன்றைச் சேர்த்து, ஒரு பெட்டி செய்தேன். துரை குரைப்பதை நிறுத்தினால் பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட் விழும். அமைதிக்குப் பரிசு! முதல் நாள் அற்புதமாக வேலை செய்தது. குரைத்தது, நிறுத்தியது, பிஸ்கட் விழுந்தது. நான் செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டி, கை குலுக்கல்கூட வாங்கிவிட்டேன். இதில் ஒரு கோளாறு இருந்தது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. குரைப்பதை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் குரைக்க வேண்டும். என்னைவிட முன்னாலேயே துரைக்கு இது புரிந்துவிட்டது. ஒரு குரைப்பு, ஒரு நிறுத்தம், பெட்டியை ஒரு பார்வை. ஒரு குரைப்பு, ஒரு நிறுத்தம், ஒரு பார்வை. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகிற லிஃப்ட் போல ஒழுங்காக நடந்தது. நான் செய்த இயந்திரங்களிலேயே பழுதில்லாமல் ஓடியது அது ஒன்றுதான். கால்நடை டாக்டர் துரையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, நாயா இல்ல தலகாணியா?" என்றார். பெட்டியைக் கழற்றினேன். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துப் பல நாள் குரைத்தது.

கடைசியாக, நாய்களுக்குப் பயிற்சி தருகிற ஒருவரை அழைத்தேன். அவர் துரையிடம் போகவே இல்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது குரைச்சா யார் சார் வெளிய வர்றது?"

"நான்தான்."

"வந்து?"

"திட்டுவேன்."

"திட்டிட்டு உள்ள போயிடுவீங்களா?"

"இல்ல... கொஞ்ச நேரம் படியில உக்காந்து பேசிட்டிருப்பேன்."

"என்ன பேசுவீங்க?"

"இந்த... வீட்டு விஷயம்தான்."

அவர் எழுந்துவிட்டார். "நாய்க்குப் பயிற்சி வேணாம் சார். அது உங்களை நல்லாப் பழக்கி வெச்சிருக்கு" என்றார். கேட் வரை போனவர் திரும்பி, முன்பெல்லாம் யார் சொன்னால் நிறுத்தும் என்று கேட்டார். சொன்னேன். "அதே மாதிரி சொல்லிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான், இதைச் சிரிக்காமல் படியுங்கள். சமையலறை ஜன்னலில் நின்று நான் "போதும்!" என்று கத்தினேன். துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தி, மெலிதாக்கி, பெண் குரலில் கத்தினேன். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு முன்னைவிட இரண்டு பங்கு குரைத்தது. அதற்குக் கோபம் என்று எனக்குத் தோன்றியது. கிளினிக்கிலிருந்து நர்ஸ் ஓடிவந்து, வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று கேட்டாள். பின்வீட்டுப் பெண் பாவம், தானே முன்வந்து சொல்லிப் பார்த்தாள். அவள் குரல் மதிலைத் தாண்டவில்லை. செயலாளரின் மனைவி, "இப்படித் தள்ளுங்க, நான் சொல்றேன்" என்று ஜன்னலில் நின்று ஓங்கி ஒரு "போதும்!" போட்டார். துரை நிறுத்தவில்லை. எதிர்வீட்டில் போனில் பேசிக்கொண்டிருந்த செயலாளர் நிறுத்திவிட்டார்.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. அவள் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு உங்களுக்கு எப்போதும் குரலில்தான் செய்தி அனுப்புவாள். அத்தனையிலும் நடுவே துரை குரைக்கும், அவள் அதட்டுவாள். என் போனில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு யார் குரலை அனுப்புவார்கள்? கூப்பிட்டால் வருகிற தூரத்தில்தானே இருந்தேன். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் போனிலிருந்து அப்படி ஒன்றை எடுத்து அனுப்பும்படி உங்கள் மகளிடம் கேட்டிருக்கிறேன். "தேடிப் பாக்கறேன் மாமா" என்றாள். கிடைத்தாலும் இது நிரந்தரமான வழி இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வேன்.

துரை கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது, வாளியில் வைக்க வேண்டும். இடி இடித்தால் நடுங்கும். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், தொட வேண்டியதில்லை. அது படுக்கிற கால்மிதியையும் கூடவே ஏற்றிவிடுகிறேன், அதில் மூக்கை வைத்தால்தான் தூங்கும். இதையெல்லாம் மரக்கடை ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். எனக்காக இல்லை, அவர்கள் சிரமப்படக் கூடாது என்பதற்காக.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தங்கள் மகள் நீண்ட காலம் நிறைவாக வாழ என் ஆசிகள். மரக்கடையில் உளுத்த கட்டை ஒன்றுகூட வராதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மரியாதை மறவாத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் மகள் ஒன்றை அனுப்பிவிட்டாள். முதலில் தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய், துரை குரைத்துக்கொண்டிருக்கும்போதே சத்தமாக வைத்தேன். "அண்ணா, இவருக்கு மறுபடி முட்டி வலி. டாக்டர்கிட்ட போங்கன்னா காதுலயே வாங்கறதில்ல. நீயாவது ஒரு வார்த்தை... துரை! போதும்! ... ஒரு வார்த்தை சொல்லு" என்கிறாள். துரை பாதியில் நிறுத்திவிட்டது. ஓடி வந்து வாசற்படியில் நின்றது. உள்ளே வரச் சொல்லுவாள் என்று காத்திருந்தது போல நின்றது. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, படியைத் தாண்டி உள்ளே வந்தது. சமையலறை, கட்டிலுக்கு அடியில், குளியலறை, அலமாரி இடுக்கு எல்லா இடமும் தேடியது. கடைசியில் என் கையிலிருந்த போனை மோந்து பார்த்துவிட்டு, தானாகவே வெளியே போய் ஜன்னலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

அதன் பிறகு குரைக்கவே இல்லை மச்சான். தபால்காரர் வருகிறார், காக்கை வருகிறது, தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. செயலாளர் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பின்வீட்டுக் குழந்தை நன்றாகத் தூங்குகிறதாம். பல் டாக்டர் மட்டும் வேலை முடிந்து கேட் அருகில் வந்து, "எல்லாம் சரிதானே சார்? சத்தத்தையே காணோமே" என்றார். தெருவில் யாரும் இல்லாத சமயம் பார்த்து நானே படியில் உட்கார்ந்து இரண்டு தரம் குரைத்துப் பார்த்தேன். எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது. துரை சொல்லவில்லை.

அதனால் மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். வேன் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம், உடனே பஸ் ஏறுங்கள். கேட்டருகில் நின்று சத்தமாகக் கூப்பிடுங்கள். மறக்காமல் அந்த நீலக் குடையைக் கொண்டு வாருங்கள். கேட்டுக்கு வெளியிலேயே அதை விரித்துவிடுங்கள்.