பெண் பார்க்க வந்தது பற்றி ஒரு தகப்பனின் விளக்கம்

அனுப்புநர்:
சண்முகவேல்,
விசைத்தறித் தொழிலாளி (மாணவி மோகனப்பிரியாவின் தகப்பன்),
குமாரபாளையம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
பல் மருத்துவ மாணவர் பொதுச்சேவை உதவித்தொகைக் குழு,
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்.

பொருள்: கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட எதையும் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கும் தங்கள் குழுவில் உள்ள பெரியோர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தாங்கள் குடும்பத்தோடு, பல் வலி முதலான எந்த உபாதையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று காவிரித்தாயை வேண்டிக்கொண்டு இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். இங்கே நானும் என் மனைவி வசந்தாமணியும் உடம்பளவில் நலம். மனசளவிலும் நலம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஏற்கெனவே நாங்கள் சொன்ன பொய்கள் எல்லாம் தங்கள் அலுவலகத்தில் கோப்பாக இருப்பதால், இனிமேல் உண்மையை மட்டும் எழுதுவதாக இருக்கிறேன்.

என் ஒரே மகள் மோகனப்பிரியா சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இதுவரை எப்படியோ கட்டிவிட்டேன். இந்த வருஷத்துப் பீஸைக் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் தங்கள் குழுவின் உதவித்தொகையைப் பற்றித் தெரிந்துகொண்டு அவளே விண்ணப்பித்தாள். படிப்பு முடியும்வரை பீஸ் தங்களுடையது, படிப்பு முடிந்ததும் மூன்று வருஷம் சேந்தமங்கலத்தில் தங்கள் கிளினிக்கில் அவள் வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். ஏன் சாமி அத்தனை தூரம் என்று கேட்டதற்கு, கல்லூரியிலிருந்து அங்கே முகாமுக்குப் போனபோது கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த ஒருவரைப் பார்த்தாளாம். பல் வலிக்குப் புகையிலையை வைத்து வைத்துக் கன்னமே வெந்துபோயிருந்ததாம். “சின்ன ஓட்டைப்பா. மொதல்லயே அடைச்சிருந்தா அரை மணி நேர வேல. அங்க அடைக்கறதுக்கு ஆளில்ல” என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை. இந்த உதவித்தொகை கிடைத்தால் அவள் டாக்டர். கிடைக்காவிட்டால் மூன்று வருஷம் படித்ததோடு சரி.

இது இப்படி இருக்க, என் மைத்துனன் அன்பு என்பவன் ஒரு நாள் வந்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பெரிய குடும்பம் ஒன்று டாக்டருக்குப் படிக்கிற பெண்ணாகத் தேடுகிறது, பையன் பெயர் யோகேஷ், கட்டிக்கொடுத்தால் மிச்சப் படிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கூடிய சீக்கிரம் போன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் வசந்தாமணிக்கும் அதில் ஒரு நப்பாசை. குழு கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் இது இருக்கட்டும் என்று மகளிடம் சொல்லாமலே இருந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. நான் அப்போது தறிக்கூடத்தில் நின்றிருந்தேன். எல்லாத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சுக் கேட்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவே என் காதில் விழுந்தது மூன்றே விஷயம். “ஃபேர்லேண்ட்ஸ்லருந்து பேசறோம்” என்பது ஒன்று. “ஞாயித்துக்கிழமை” என்பது ஒன்று. “உங்க பொண்ணைப் பாக்க வர்றோம்” என்பது ஒன்று. நடுவில் உதவித்தொகை என்ற சொல்லைத் தங்கள் அலுவலர் சொல்லியிருப்பார், இல்லையென்று நான் சொல்லவில்லை, அதைத் தறி தின்றுவிட்டது. ஆனாலும் ஐயா, கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிறவனிடம் பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்று சொன்னால் அவன் வேறு என்ன நினைப்பான்? தாங்களே நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். நான் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அதன்பிறகு நடந்த ஏற்பாடுகளை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் அலுவலர் எடுத்துச் சென்ற போட்டோக்களில் காணப்படும் ஸோபா மாடியில் குடியிருக்கிறவர்களுடையது. அதை மாடிப்படியில் இறக்கும்போது ஒரு கால் உடைந்து, செங்கல் முட்டுக்கொடுத்து மேலே துண்டு போர்த்தியிருந்தோம், அதனால்தான் அந்த ஓரத்தில் மட்டும் யாரையும் உட்கார விடவில்லை. வாசலில் நின்ற கார் தறி முதலாளியுடையது. என் மனைவி கழுத்தில் கிடந்த ஆரம் எதிர்வீட்டு அன்புச்செல்வியுடையது. அன்புச்செல்வி நல்ல பெண்தான், ஆனால் நகையைக் கொடுத்துவிட்டு அதை விட்டு நகர மனமில்லாமல், நாங்கள் எவ்வளவு ஜாடை காட்டியும் போகாமல், பெரியம்மா மகள் என்ற பெயரில் கடைசிவரை ஆரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஆய்வுப் படிவத்தில் குடும்ப உறுப்பினர்கள் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தால் தயவுசெய்து நீக்கிவிடவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு, கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும், கையில் கோப்புடன் ஒரு தம்பியும் வந்தார்கள். அம்மாவை மாப்பிள்ளையின் தாயார் என்றும் தம்பியை மாப்பிள்ளை என்றும் வைத்துக்கொண்டோம். தம்பி உட்காருவதற்கு முன்பே வீட்டைச் சுற்றிப் போட்டோ எடுக்க ஆரம்பித்தபோது வசந்தாமணி என் காதில், “ஏனுங்க, மாப்பள ரொம்ப வெவரமா இருக்கறாரு” என்றாள். எனக்கும் திருப்தியாக இருந்தது. பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. இங்கேதான் ஐயா, எங்கள் குடும்பமே குழியில் விழுந்தது.

“சொந்த வீடுங்களா?” என்று தம்பி கேட்டார். “ஊடு மட்டும் இல்லீங்க, பக்கத்துத் தறிக்கூடமும் நம்முளுதுதானுங்க” என்றேன். இரண்டுமே முதலாளியுடையது, வீட்டுக்கு நான் வாடகை கொடுக்கிறேன், தறிக்குக் கூலி வாங்குகிறேன், அவ்வளவுதான். வருமானம் எவ்வளவு என்றார். “வருமானத்துக்கு ஒண்ணும் கொறைவில்லீங்க, அத எண்ணறதுக்குத்தான் ஆளு பத்தல” என்றேன். தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சந்தோஷத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “பீஸுக்கு எப்படிச் சமாளிக்கறீங்க?” என்று அந்த அம்மா கேட்டபோது, “சமாளிக்கறதாவது! மிச்ச வருசத்துக்கெல்லாஞ் சேத்து நாளைக்கே கட்டச் சொன்னாலும் கட்டுவேனுங்க” என்றேன். வேறு எங்காவது கேட்டிருக்கிறீர்களா என்று தம்பி கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாங்க ஏனுங்க போய்க் கேக்கறோம்? நாலு பெரிய எடத்துலருந்து அவிங்களாத் தேடி வந்து கேட்டாங்க. நாங்கதான் புடி குடுக்கல” என்றேன். அவர் நான்கு உதவித்தொகைகள் என்று எழுதிக்கொண்டிருப்பார். ஐயா, ஒன்றுகூடக் கிடையாது.

கடைசியாக அந்த அம்மா, “படிச்சு முடிச்சதும் மூணு வருஷம் பொண்ணு சேந்தமங்கலத்துல எங்க கிளினிக்லதான் இருக்கணும். உங்களுக்குச் சம்மதந்தானே?” என்று கேட்டார்கள். சேந்தமங்கலம் என்ற பெயர் காதில் விழுந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு அங்கே ஒரு கிளினிக்கும் இருக்கிறது போலிருக்கிறது, பெண்ணுக்கு நல்ல காலம்தான் என்று எண்ணி, “மூணு வருசம் என்னுங்க, இனி காலம்பூரா அவ உங்க பொண்ணு. ஆனா ஆடி பொறந்தா மட்டும் மறக்காம இங்க அனுப்பிப்போடுங்க. தலை தீவாளிக்கும் வந்தரோணும்” என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ஆடி மாசம் முழுசுமா லீவு?” என்று கேட்டார்கள். வசந்தாமணி, “அதானுங்களே மொற?” என்றாள். தம்பி அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மோகனப்பிரியா ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்ந்தாள். அவசரமாக வா என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். அவளைப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டுபோய், என் மனைவி தன் கழுத்து ஆரத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கையில் காபித் தட்டைக் கொடுத்துக் கூட்டி வந்தாள். அவள் வந்து நின்றாள். ஸோபாவைப் பார்த்தாள், தம்பி எழுதிய தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “உனக்கு இதுல முழு விருப்பந்தானேம்மா?” என்று அந்த அம்மா கேட்டார்கள். இவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு இது வேண்டாங்க மேடம். வேற யாருக்காச்சும் குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமியாராக வரப்போகிறவரை மேடம் என்று கூப்பிடுகிறாளே, மாப்பிள்ளையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று பெற்ற பிள்ளை யாராவது சொல்வார்களா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் அவளைக் கண்டபடி பேசினேன். அவள் ஆரத்தைக் கழற்றி அன்புச்செல்வி கையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் டம்ளர்களை எடுக்கும்போதுதான் வசந்தாமணி ஒரு அட்டையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, “ஏனுங்க, மாப்பள பேரு நசுருல்லான்னு போட்டிருக்குதே” என்றாள். அதன் கீழே கள ஆய்வாளர் என்றும், அதற்கும் கீழே தங்கள் குழுவின் பெயரும் இருந்தன. வசந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மைத்துனன் அன்பு சொன்ன அந்த ஜவுளிக்கடைக் குடும்பம் ஆத்தூரில் பெண் பார்த்து முடித்துவிட்டதாக மறுநாள் தகவல் வந்தது. அவர்கள் எங்கள் வாசற்படிகூட மிதிக்கவில்லை.

ஆகவே ஐயா, என் மகள் வேண்டாம் என்று சொன்னது கல்யாணத்தைத்தான். எங்களைப் போலவே அவளும் வந்தவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துக்கொண்டாள். எந்த உதவித்தொகைக்காகக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாளோ அதே உதவித்தொகையைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டாள். அவளுக்குத் தெரிவதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் இந்த வாரம் முழுவதும் போனில்கூட அவளிடம் மூச்சுவிடாமல் இக்கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து அலுவலர்களை மறுபடி ஒருமுறை அனுப்பிவையுங்கள். எந்த நாளானாலும் சரி, சொல்லாமலே வந்தாலும் சரி. பாயில்தான் உட்கார வேண்டியிருக்கும். ஆடிமாதக் கோரிக்கையை நாங்கள் முழுமையாக வாபஸ் பெறுகிறோம்.

குழுவில் உள்ளவர்கள் எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு நோய் நொடியின்றி நன்றாக இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கும் நசுருல்லா தம்பிக்கும் எங்கள் மன்னிப்பையும் வணக்கத்தையும் சொல்லவும். அந்தத் தம்பிக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வசந்தாமணி வேண்டிக்கொள்வதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் கருணையை எதிர்பார்த்திருக்கும்,
சண்முகவேல்.

பின்குறிப்பு: ஐயா, மேலே கண்டதை எழுதி முடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மோகனப்பிரியா ஹாஸ்டலிலிருந்து வந்து, இதைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, “அப்பா, ஒரு எடம் தப்பா எழுதியிருக்கீங்க. நான் அவிங்கள மாப்பள ஊட்டுக்காரங்கன்னு நெனைக்கல” என்றாள். தெருமுனையில் நின்ற வண்டியில் தங்கள் குழுவின் பெயரைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக ஓடி வந்தாளாம். உள்ளே வந்து ஸோபாவையும் ஆரத்தையும், தம்பியின் தாளையும் பார்த்ததும் நடந்தது எல்லாம் புரிந்துவிட்டதாம்.

“அப்பறம் ஏஞ்சாமி வேண்டாம்னு சொன்ன?” என்றேன்.

“உள்ளதச் சொன்னா அவிங்க முன்னால நீங்க பொய்யராயிருவீங்க. பொய்ய வெச்சு அதை வாங்கவும் எனக்கு மனசில்ல. வேற என்னப்பா பண்றது?” என்றாள்.

இதைத் தங்களுக்கு எழுத வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அம்மாவோடு சமையற்கட்டில் இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். மேலே அவளைப் பற்றி நான் எழுதியிருக்கும் விளக்கத்தை அடித்துவிடுங்கள். அவள் யாரையும் தவறாக நினைக்கவில்லை. உதவித்தொகையைக் கொடுப்பதும் கொடுக்காததும் தங்கள் விருப்பம். ஆனால் மாணவிக்கு விருப்பம் இல்லை என்று தம்பி எழுதிக்கொண்டு போன வரியை மட்டும் எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் சொன்ன பொய்களில் எல்லாவற்றையும்விடப் பெரிய பொய் அதுதான் ஐயா. அதை அவள் எனக்காகச் சொன்னாள்.