டென்ஷன் யாருக்கு?

“இன்னையிலிருந்து இந்த வீட்ல யார் கையையும் நம்பி நான் இருக்கப் போறதில்ல!”

லிஃப்ட் மெக்கானிக் இப்படி முழங்கியபோது அவர் கையில் ஒரு புதுப் பேன்ட் இருந்தது. நீளம் நான்கு விரல் அதிகம். மடித்துத் தைத்துத் தரச் சொல்லிப் பத்து நாளாகக் கெஞ்சிப் பார்த்தவர், இன்று போர்க்கொடி தூக்கிவிட்டார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

“தையல் மெஷின் மக்கர் பண்ணுதுங்க. அடியில நூல் கொசகொசன்னு வருது.”

“பன்னெண்டு மாடிக்கு ஆளைத் தூக்குற மெஷினையே ரிப்பேர் பார்க்குறவன் நான். இதெல்லாம் பொம்மை!”

“சரி பண்ணிட்டா?”

“அப்புறம் நீ இது பக்கமே வரக்கூடாது. இந்த வீட்டுத் தையலுக்கு நான்தான் ராஜா!”

“அப்படியே ஆகட்டும் ராஜா.”

அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்காவது ஒத்துக்கொண்டு இருபது வருஷமாயிற்று. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஒரு பழைய துணியில் ஓட்டிப் பார்த்தார். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. மேல் நூலை இறுக்கும் திருகு பூஜ்யத்தில் நின்றிருந்தது. “இதுதான் வியாதி!” என்று ஒரே திருப்பில் அதை ஒன்பதுக்குக் கொண்டுபோனார். நூல் டப்பென்று அறுந்தது.

“டென்ஷனைக் குறைங்க.”

“எனக்கென்ன டென்ஷன்? நான் டென்ஷனாவே இல்ல!”

“உங்களுக்கில்லீங்க, நூலுக்கு.”

பல்லைக் கடித்துக்கொண்டு நாலுக்குக் குறைத்தார். அறுந்த நூலை உருளையிலிருந்து மறுபடி கோத்தார். இந்த வேகத்தில் கை பட்டு, தையல் நீளத் திருகு பூஜ்யத்துக்குப் போனதை அவர் கவனிக்கவில்லை. துணி நகர மறுத்தது. ஊசி ஒரே இடத்தில் நூறு குத்துக் குத்தியது. ஒருவழியாகக் கண்டுபிடித்து இரண்டரையில் வைத்து ஓட்டினால், அடியில் முன்னைவிடப் பெரிய நூல் கொத்து.

“நூல் கோக்கும்போது காலைத் தூக்கணுங்க!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்தார். வலது காலைத் தூக்கினார். ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே ஊசியின் காதைத் தேடினார்.

கரண்டியோடு எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, உங்க கால் இல்லீங்க! துணியை அமுக்குதே, அந்தக் கால்! அது கீழ இருந்தா நூல் உள்ள போய் உட்காராது. ஊரையே தூக்குறவருக்கு இது தெரியலையே!”

“தெரியும். சும்மா பேலன்ஸ் பார்த்தேன்.”

மெஷினின் காலைத் தூக்கிவிட்டு நூலைக் கோத்தார். காலை இறக்கி ஓட்டினார். தையல் முத்து முத்தாக விழுந்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி! பேன்டை மடித்துத் தைத்து, மாட்டிக்கொண்டு, கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நாலு நடை நடந்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

“சொன்ன சொல் சொன்னதுதான்! இனிமே இந்த மெஷினை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது!”

“தொடவே மாட்டேங்க” என்று உள்ளே போனவள், முகம் மறையும் அளவுக்குத் துணியோடு திரும்பினாள். எட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை. தலையணை உறை ஆறு. போதாக்குறைக்கு சோபா உறை வேறு.

அவர் கால்கள் ஓரடி பின்வாங்கின. வாய் மட்டும் இறங்கி வரவில்லை.

“கொண்டா! மலைச்சுப் போயிடுவேன்னு நினைச்சியா? அத்தனையும் நானே தைக்கிறேன்!”

முதல் திரைச்சீலையை ஊசிக்குக் கீழே தள்ளும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

“ஆமா, அந்த டென்ஷன் திருகு எப்படி பூஜ்யத்துக்குப் போச்சு?”

“நான்தாங்க திருப்பி வெச்சேன். சும்மா நூல் விட்டுப் பார்த்தேன். நீங்களே வந்து கோத்துக்கிட்டீங்க.”