நூற்றெண்பது வோல்ட்டில் ஒரு தடுமாற்றம்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் இன்வெர்ட்டர் செய்யக் கூடாது. செய்தால் அதுவும் பயப்படும்.

நான் ஒன்று செய்தபோது என் மகன் கவினுக்குப் பத்து மாதம். அடிக்கடி வீசிங் வரும். பூந்தமல்லியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், வெயில் கால மதியங்களில் கரன்ட் போகும். போகாத நாளில் மங்கலாகத் தவிக்கும். மருந்தைப் புகையாக்கி மூச்சில் தரும் நெபுலைசர் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே என் ஓயாத கவலை.

"கடையில ஒண்ணு வாங்கிடலாமே" என்றார் கணவர்.

"நாலு வருஷம் எலக்ட்ரிக்கல் படிச்சது எதுக்கு?" என்றேன். (நல்ல கேள்வி. இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.)

நானே செய்தேன். வீட்டுக் கரன்ட் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் 'டக்' என்று பேட்டரிக்கு மாற்றும். மேலே ஏறினால் 'டக்' என்று திரும்பும். போகும் வோல்ட்டுக்கும் திரும்பும் வோல்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்பது கல்லூரிப் பாடம். அந்த நேரத்தில் பேட்டரி வீணாகத் தீர்ந்தால் குழந்தைக்கு ஆகாதே என்று நான் விடவில்லை.

ஒரு மதியம் கவினுக்கு மூச்சு இழுத்தது. நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்தேன். வோல்டேஜ் இறங்கியது. டக். பேட்டரிக்கு மாறியதும் லைனில் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறியது. டக். திரும்பியதும் அதே சுமையில் மறுபடி இறங்கியது. டக். ஃபேன் விக்கியது, நெபுலைசர் இருமியது. வீசிங் குழந்தைக்கா மெஷினுக்கா என்றே தெரியவில்லை. ஒரு கையில் மாஸ்க்கோடு நான் அழுதுகொண்டிருந்தேன்.

மேல் வீட்டு அண்ணன் இறங்கி வந்தார். திருமழிசை லேத் பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்.

"இன்னா தங்கச்சி, ஊட்ல தந்தி ஆபீஸ் தொறந்துகீறியா?"

"கொழந்தைக்கு மூச்சு வாங்குதுண்ணா. இது நிக்கவே மாட்டேங்குது."

"அது இன்னா பண்ணும் பாவம்? இங்க போவவா, அங்க போவவான்னு முழிச்சிகினு கீது. மெயினை அணைச்சு வுடு."

அவரே அணைத்தார். ரிலே அடங்கியது. நெபுலைசர் பேட்டரியில் சீராக ஓடியது. மெயினை அணைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (முதல் வகுப்பில் தேறியவள்.)

மருந்து தீர்ந்து, மூச்சு சீரானதும் மாஸ்க்கை எடுத்தேன். கவின் அந்த இன்வெர்ட்டர் பெட்டியையே பார்த்தான். பிறகு தெளிவாகச் சொன்னான்: "டக்."

இப்போது அவன் இரண்டாம் வகுப்பு. யார் வீட்டுக்கு வந்தாலும் கணவர் அவனுடைய குழந்தை ஆல்பத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார். அதில் 'முதல் சொல்' என்ற கட்டத்தில் 'அம்மா' என்று எழுதியிருந்தேன். பொய் எழுதுகிறோமே என்று அடித்துவிட்டு 'டக்' என்று எழுதினேன். பெரியவனானால் வருத்தப்படுவானோ என்று அதையும் அடித்து, மறுபடி 'அம்மா'. பிறகு 'டக்'.

கட்டத்தில் இன்னும் அரை அங்குலம் இடம் மீதி இருக்கிறது.