உயிரோடு இருந்தவர்களுக்கு வைத்த பொட்டு

கரண்ட் போனதும் யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்துமே, அந்த ஒலி ஏதாவது ஒரு வங்கியிலோ கிளினிக்கிலோ கேட்டால் போதும், என் கை தானாக எழுந்து நெற்றியைத் தடவிப் பார்க்கும். பொட்டு இருக்கிறதா என்று. (இல்லையென்றால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.)

அது சீடி காலம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் நானும் என் கூட்டாளி சேகரும் வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தோம். கீழே கண்டக்டர்கள் ஊர்களை ஏலம் விடுவார்கள்; மேலே மானிட்டர் வெளிச்சத்தில் நான் என்னை ஒரு மகா கலைஞனாக நினைத்துக்கொண்டிருப்பேன். மகா கலைஞனுக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த போட்டோவைச் சேர்த்தோம், எதைச் சேர்க்கவில்லை என்பது மறந்துவிடும். எழுதி வைக்கிற பழக்கமும் கிடையாது. ஒரு கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரே படத்தில், ஒரே சிரிப்போடு, திரும்பத் திரும்ப வந்துவிட்டார்.

"மனுசன் விடாம வாராருடா மாப்ள, பேய் மாதிரி" என்றான் சேகர்.

பேயை விரட்ட ஒரு வழி கண்டுபிடித்தேன். சேர்த்து முடித்த படத்தைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து, சிவப்பாக ஒரு புள்ளி வைத்துச் சேமித்துவிடுவது. ஓரத்தில் வைத்தால் கண்ணில் படவில்லை. ஆகவே முகத்தில். முகத்திலும் நடு நெற்றியில். எங்கள் ஊரில் போட்டோவுக்குள் இருப்பவர் நெற்றியில் எப்போது பொட்டு வைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். கலைஞர்கள் யோசிப்பதில்லை.

அப்போதுதான் கோபால்ராம் அய்யாவின் வேலை வந்தது. சுங்குடிச் சேலை வியாபாரி. வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ். நெஞ்சுவலியில் படுத்துப் பிழைத்து எழுந்தவர். அந்த ஆயுளைக் கெட்டிப்படுத்தத்தான் அறுபதாம் கல்யாணமே. அவர் மகள் அட்டைப்பெட்டி நிறையப் படங்களைக் கொண்டு வந்து வைத்தார்.

"அண்ணே, அப்பா தூங்கவே பயப்படுறாரு. இதப் பாத்தாவது அவருக்கு ஒரு தெம்பு வரணும்."

பிறகு ஒரு படத்தைத் தனியாக நீட்டினார். "இது சித்தப்பா. தவறிட்டாரு. கடைசியில வச்சிருங்க."

வைத்தேன். அதற்கு மட்டும் புள்ளி வைக்கவில்லை. கடைசிப் படம்தானே, இனி எதோடு குழம்பப்போகிறது?

எடிட் செய்யும்போது திரையில் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. சேர்த்த படங்களைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது என்று நான் நம்பியிருந்தேன். அது விழுங்கவில்லை. முகவரியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, வீடியோவை மொத்தமாக எழுதும்போது ஒவ்வொரு படத்தையும் வீடு தேடிப் போய்க் கூட்டி வந்திருக்கிறது. அவர்களோ நெற்றியில் என் புள்ளியோடு கிளம்பி வந்துவிட்டார்கள். எழுதி முடித்ததை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. சீடியை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

தல்லாகுளத்து மண்டபம். பந்தி முடிந்த மதியம். ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். திரையில் குப்புறப் படுத்த குழந்தையாகக் கோபால்ராம், நெற்றியில் பொட்டோடு. "திருஷ்டிப் பொட்டு!" என்று யாரோ சிரித்தார்கள். அடுத்து பள்ளிக்கூடச் சீருடையில், பொட்டு. ஸ்கூட்டரில், பொட்டு. சிரிப்பு அடங்கியது. அவர் மனைவி. மகள். பிறந்து சில மாதமே ஆன பேரன். எல்லார் நெற்றியிலும் ஒரே சிவப்பு, ஒரே வட்டம். கூட்டம் தன் மொழியில் முணுமுணுத்தது. ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. பிறகு அதுவும் நின்றது. வீடியோவுக்குப் பின்னணியாக நான் சேர்த்த நாதஸ்வரம் மட்டும் ஸ்பீக்கரில் மங்களமாக ஒலிக்க, மாலை ஒன்றுதான் குறை என்பதுபோல் முகங்கள் வந்து வந்து போயின.

"மாப்ள, ஓடிருவமா?" என்றான் சேகர்.

கடைசிப் படம். இறந்துபோன தம்பி, வெறும் நெற்றியோடு, பளிச்சென்று சிரித்தார்.

அந்த நொடியில் கரண்ட் போனது. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன. கம்ப்யூட்டரும் புரொஜெக்டரும் மட்டும் யூபிஎஸ்ஸில் இருந்ததால் அந்த ஒரு முகம் இருட்டில் மிதந்தபடியே நின்றது. கீக்... கீக்... என்று யூபிஎஸ் கத்தியது. முன்வரிசையிலிருந்து ஒரு விக்கல் மாதிரிச் சத்தம்.

"அப்பா!" என்று மகள் ஓடினார். முடிந்தது, ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

"ஏப்பா, எங்க அம்புட்டுப் பேரையும் அனுப்பிட்டு இவன மட்டும் உசுரோட வச்சிருக்கியே! சின்ன வயசுலயும் இப்படித்தான். எல்லாரும் அடி வாங்குவோம், இவன் மட்டும் தப்பிச்சிருவான்!"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அன்று இரவு அப்பா நன்றாகத் தூங்கினார் என்று மகள் பிறகு சொன்னார். திட்டி முடித்த பிறகுதான் சொன்னார்.

இன்றைக்கும் கோயில் குங்குமத்தை நீட்டும்போதெல்லாம் என் மனைவி, "உங்க நெத்திக்கு மட்டுந்தான். போட்டோ பக்கம் போயிராதீங்க" என்பாள்.

எழுபது வயதில் கோபால்ராம் அய்யா விழா வைக்கவில்லை. மனைவி தவறியிருந்தார். என்னை மட்டும் வரச்சொல்லி, அந்தப் பழைய சீடியையே போடச் சொன்னார். "இவரு போயிட்டாரு... இவரும்..." என்று திரையைக் காட்டிக்கொண்டே வந்தார். மனைவி முகம் வந்தபோது நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பொட்டையெல்லாம் எடுத்துட்டுப் புதுசா போட்டுத் தாரேன்யா" என்றேன்.

"வேணாம் தம்பி. நீ வச்சதெல்லாம் ஒவ்வொண்ணா சரியாகிக்கிட்டு வருது. மிச்சம் இருக்கது மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தப்பாவே இருக்கட்டும்."